சான்றிதழா, கைப்பழக்கமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்ன பேசுவது என்பதை என்னிடமே விட்டுவிட்டார்கள். நான் அதிகம் யோசிக்கவில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் பாகூர் ஏரிக்கரையிலோ வில்லியனூர் தேரடியிலோ யாராவது என்னை நிறுத்தி ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "தம்பி, எங்க பையன் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலைக்குப் போறேங்கறான். அந்த சி.சி.என்.ஏ.ன்னு ஏதோ சொல்றாங்களே, அதைப் படிக்க வைக்கலாமா? இல்லே, எங்கேயாவது வேலைக்கு விட்டுக் கத்துக்கச் சொல்லலாமா?" கழுத்தில் கிடக்கும் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டப் போகிற ஒரு தாயின் கேள்வி இது. போகிற போக்கில் பதில் சொல்லிவிட்டுப் போக முடியாது. அதனால் இன்று அதையே எடுத்துக்கொள்கிறேன்.

நான் இந்தத் துறைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஏணி மேல் ஏறிக் கேபிள் இழுத்திருக்கிறேன். கண் விழித்துப் படித்துச் சான்றிதழ் தேர்வுகளும் எழுதியிருக்கிறேன். இப்போது வேலைக்கு ஆளெடுக்கும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். இந்த மூன்று இடங்களிலிருந்தும் கண்ணில் பட்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

படிப்பின் மதிப்பை நம்ம ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரன் காலத்தில் 'பிரெவே' பாஸ் பண்ணியவர் என்றால் ஊரில் தனி மரியாதை. இன்னும் பின்னால் போனால், 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்த செய்தியைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. படிப்புக்காக ஊரையே எழுதிவைத்த மண் இது.

அதே பாகூரில் இன்னொரு வகை அறிவும் உண்டு. சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிந்து, பங்காரு வாய்க்கால் வழியாக ஏரிக்கு வந்து சேர்கிற தண்ணீரை எந்த மடையைத் திறந்து, எவ்வளவு நேரம் விட்டால் கடைசி வயல் காயாது என்று தெரிந்தவர்கள் நம் தாத்தாக்கள். அவர்களுக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை. நெட்வொர்க் வேலையும் ஏறக்குறைய அதுதான். எங்கிருந்தோ வருகிற தகவலைச் சரியான வாய்க்காலில் திருப்பி, கடைசி வீடு வரைக்கும் தடையில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஆகவே செப்பேடு, மடை என்று நமக்கு இரண்டு சொத்துமே உண்டு.

முதலில் சான்றிதழின் கதையைப் பார்ப்போம். 1980-களின் இறுதியில் நாவெல் என்ற நிறுவனம் தன்னுடைய நெட்வேர் மென்பொருளுக்காக சி.என்.இ. என்ற சான்றிதழைக் கொண்டுவந்தது. 1990-களில் மைக்ரோசாப்ட்டின் எம்.சி.எஸ்.இ. வந்தது. சிஸ்கோ நிறுவனம் 1993-இல் சி.சி.ஐ.இ. என்ற உயர்நிலைச் சான்றிதழையும், 1998-இல் ஆரம்ப நிலைக்கான சி.சி.என்.ஏ.வையும் தொடங்கியது. நம் நாட்டில் பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். மூலம் இன்டர்நெட் வந்ததே 1995 ஆகஸ்ட் 15-இல்தான். கல்லூரிப் பாடத்திட்டம் மாறுவதற்கு வருஷக்கணக்கில் ஆகும். கம்பெனிகளுக்கோ நாளைக்கே ஆள் வேண்டும். நடுவில் இருந்த அந்தப் பள்ளத்தைச் சான்றிதழ்கள் நிரப்பின.

சான்றிதழைக் குறைத்துப் பேசுகிற ஆள் நான் இல்லை. சிபாரிசுக்கு ஆளில்லாத கிராமத்துப் பையனுக்கு அது பெரிய துணை. உன் அப்பா யார், எந்தத் தெரு, எந்தக் கல்லூரி என்று அந்தத் தேர்வு கேட்பதில்லை. மும்பையில் எழுதுகிறவனுக்கும் பாகூரிலிருந்து போய் எழுதுகிறவனுக்கும் ஒரே அளவுகோல். முன்பின் தெரியாத ஒருவர் நம்மை நம்புவதற்கு ஒரு சாட்சி வேண்டும். நல்ல சான்றிதழ் அந்தச் சாட்சி.

ஆனால் சாட்சி பொய் சொல்ல ஆரம்பித்தால் என்ன ஆகும்? 1990-களின் கடைசியிலேயே 'பேப்பர் எம்.சி.எஸ்.இ.' என்று ஒரு கேலிப்பெயர் வந்துவிட்டது. கையில் காகிதம் இருக்கும், சர்வரைத் தொட்டிருக்க மாட்டார். தேர்வுக் கேள்விகளை வெளியே கசியவிட்டு, அதைத் தொகுத்து விற்கிற வியாபாரமும் வளர்ந்தது. அதற்கு 'டம்ப்' என்று பெயர். இரண்டு வாரம் உருப்போட்டு எழுதிவிடலாம். பிடிபட்டால் சான்றிதழை ரத்து செய்து, மேலே எழுதவும் விடமாட்டார்கள். பிடிபடாவிட்டாலும் வேலையில் சேர்ந்த முதல் மாசமே சாயம் வெளுத்துவிடும்.

சில வருஷங்களுக்கு முன்னால் நேர்முகத் தேர்வுக்கு ஒரு தம்பி வந்தார். இரண்டு சான்றிதழ்கள். சட்டை இஸ்திரி கலையாமல் உட்கார்ந்திருந்தார். "ஸ்விட்சில் ஒரு போர்ட்டின் விளக்கு எரியவில்லை. என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். ஓ.எஸ்.ஐ. மாடலின் ஏழு அடுக்குகளையும் மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று தேவாரம் மாதிரி ஒப்பித்தார். "அதில் முதல் அடுக்கு எது தம்பி?" "ஃபிசிக்கல் லேயர் சார்." "அப்படின்னா முதல்ல எதைப் பார்க்கணும்?" மௌனம். மேஜை மேல் அவருக்கு எதிரிலேயே ஒரு கேபிள் கிடந்தது. அதன் ஆர்.ஜே. 45 முனையில் கிளிப் உடைந்திருந்தது. அதைக் கையில் எடுத்துக்கூட அவர் பார்க்கவில்லை. புத்தியில்லாத பையன் இல்லை அவர். அதுவரைக்கும் யாரும் அவர் கையில் ஒரு கேபிளைக் கொடுத்ததில்லை, அவ்வளவுதான். அந்தப் படிப்புக்கு வீட்டில் எவ்வளவு கடன் என்று நான் கேட்கவில்லை. முகத்திலேயே எழுதியிருந்தது.

"பார்த்தீங்களா, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று இங்கே சில நண்பர்கள் தலையாட்டுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அடுத்த பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு அலுவலகத்தில் இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவே இணைப்பு தவழ்ந்துகொண்டிருந்தது. பிங் போகிறது, சின்ன மெயில் போகிறது, பெரிய ஃபைல் அனுப்பினால் நகர மாட்டேன் என்கிறது. பத்து வருஷ அனுபவமுள்ள ஒருவர் மூன்று தரம் கேபிளை மாற்றினார். இரண்டு தரம் ஸ்விட்சை அணைத்துப் போட்டார். சரியாகவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசமே ஆன ஒரு பெண், இரண்டு போர்ட்டுகளின் பிழைக் கணக்கையும் எடுத்து அருகருகே வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் 'லேட் கொலிஷன்' ஏறுகிறது, எதிர்ப்பக்கம் சி.ஆர்.சி. பிழை ஏறுகிறது. ஒரு முனையை யாரோ ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கையால் பூட்டியிருந்தார்கள். மறுமுனை ஆட்டோவில் இருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் வராததால் அது ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிட்டது. ஒரு பக்கத்தவர் இருவழிச் சாலை என்று நம்பி வண்டியை விடுகிறார். எதிர்ப்பக்கத்தவர் ஒற்றைவழிப் பாலம் என்று நம்பிக் காத்திருந்து விடுகிறார். நடுவில் மோதாமல் என்ன செய்யும்? புத்தகத்தில் படித்திருந்ததால் அந்தப் பெண்ணுக்கு அது புரிந்தது. செக்குமாடு நாள் முழுக்க நடந்தாலும் அதே வட்டத்தில்தான் நடக்கிறது. படிக்காத அனுபவமும் பல சமயம் அப்படித்தான்.

ஆக, இரண்டு பக்கமும் ஓட்டை இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் தேடி நாம் அமெரிக்கா போக வேண்டாம். வில்லியனூர் வரைக்கும் போனால் போதும்.

1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. அமைப்பின் உதவியோடு, புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர்தான் நடு மையம். அங்கிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு இணைப்பு. கீழூர், எம்பலம், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம், நல்லவாடு என்று பின்னர் பல ஊர்கள் சேர்ந்தன. கீழூரைப் பற்றி மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1954 அக்டோபர் 18-இல் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, அதில் 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்று வாக்களித்த ஊர். சரித்திரம் வந்துபோன அந்த ஊருக்கு இந்த வலைப்பின்னலும் வந்தது.

அன்றைக்குக் கிராமங்களில் நல்ல டெலிபோன் லைன் கிடைப்பதே அபூர்வம். அதனால் வி.ஹெச்.எஃப். ரேடியோ கருவிகளை வைத்து, அவற்றோடு மோடம் பொருத்தி, பேச்சையும் தகவலையும் காற்றிலேயே அனுப்பினார்கள். வில்லியனூரிலிருந்து மட்டும் டெலிபோன் வழியாக இன்டர்நெட்டுக்குப் போவார்கள். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாததால் சூரிய மின்தகடும் பேட்டரியும் வைத்தார்கள். இன்றைய நெட்வொர்க் பாடப்புத்தகம் 'ஹப் அண்ட் ஸ்போக்' என்று படம் போட்டுக் காட்டுகிற அமைப்பு, நம் வயல்களுக்கு மேலே அப்போதே வேலை செய்துகொண்டிருந்தது.

இடத்தை ஊரே வாடகையில்லாமல் கொடுக்க வேண்டும், எல்லாச் சாதியாரும் தடையில்லாமல் வந்துபோகிற இடமாக அது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எம்பலத்தில் கோவில் இடத்திலேயே மையம் நடந்தது. அதை நடத்தியவர்கள் அந்தந்த ஊர்த் தொண்டர்கள். பலர் பெண்கள், பள்ளிப் படிப்போடு நின்றவர்கள். ஆங்கில விசைப்பலகையில் தமிழ் தட்டச்சு செய்யக் கற்றுக்கொண்டு, நெல் விலை, அரசுத் திட்டங்கள், தேர்வு முடிவுகள், மருத்துவத் தகவல் என்று ஊருக்கு வேண்டியதைத் தொகுத்துக் கொடுத்தார்கள். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலையின் உயரத்தைத் தெரிந்துகொண்டு, கடலுக்குப் போகும் முன் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். 2001-இல் இந்தத் திட்டத்துக்கு ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது.

விருதை விடப் பெரிய பரீட்சை 2004 டிசம்பர் 26-இல் வந்தது. நல்லவாட்டுக்காரர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். சுனாமிச் செய்தியைக் கேட்டதும் ஊருக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கொடுத்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கரையை விட்டு வெளியேறினார்கள். வீடுகளும் படகுகளும் போயின. உயிர்கள் தப்பின.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிற பாடத்தைச் சொல்கிறேன். அந்த வலைப்பின்னலை வடிவமைத்தவர்கள் முறையாகப் படித்த விஞ்ஞானிகள். எந்த அலைவரிசை, என்ன உயரத்தில் ஆன்டெனா, எத்தனை மணி நேரம் தாங்கும் பேட்டரி என்பதெல்லாம் கணக்குப் போட்டு வருவது. அதைத் தினமும் தொட்டுத் துடைத்து ஓட்டியவர்கள் ஊர்க்காரர்கள். கருவி எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது, ஊர் எந்தக் குரலைக் கேட்டு எழுந்திருக்கும் என்பதெல்லாம் பழகினால்தான் வரும். இரண்டு பேரில் ஒருவர் இல்லாமல் போயிருந்தாலும் அன்று அந்த ஒலிபெருக்கி பேசியிருக்காது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1998-லேயே ரேடியோ, மோடம், பேட்டரி, தமிழ் மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே அறையில் வைத்துப் பழகிய அந்தத் தொண்டர்களின் அனுபவம், அன்றைய பட்டணத்து எஞ்சினியர்களுக்கே சுலபத்தில் கிடைக்காதது. ஆனால் வெளியூரில் ஒரு கம்பெனி வாசலில் போய் நின்றால், "என்ன சர்டிபிகேட் வைச்சிருக்கீங்க?" என்றுதானே கேட்பார்கள்? 2003-இல் அதே நிறுவனம் ஜாம்ஷெட்ஜி டாடா தேசிய மெய்நிகர் கழகம் என்ற ஒன்றைத் தொடங்கி, கிராமங்களில் இப்படி வேலை செய்கிறவர்களை அதன் ஃபெலோக்களாக ஏற்று மரியாதை செய்தது. வேலை தெரிந்தவருக்கும் ஒரு சாட்சி வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்ததாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, உண்மைதான். ஆனால் ஏடு இல்லாத சுரைக்காய்க்குச் சந்தையில் யாரும் விலை வைப்பதில்லை, நண்பர்களே.

இன்றைக்கும் அந்த நிலைமை மாறவில்லை. நம் கொம்யூன்களில் ஃபைபர் வேலைக்குப் போகிற பையன்களைப் பாருங்கள். 2011-இல் மத்திய அரசு அனுமதித்து, பிறகு பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டத்தின் நோக்கமே கிராமப் பஞ்சாயத்து வரைக்கும் கண்ணாடி இழைக் கேபிளைக் கொண்டுபோவது. தனியார் இணைப்புகள் தெருத் தெருவாக வந்துவிட்டன. அந்த இழையின் நடுவில் ஒளி ஓடுகிற பாதை 9 மைக்ரான்தான் அகலம். அதைச் சுத்தமாக வெட்டி, துடைத்து, ஸ்ப்ளைசிங் மெஷினில் வைத்து ஒட்ட வேண்டும். ஒரு தூசி விழுந்தாலும் ஒளி குறையும். ஒரே இழையை 32 வீடுகளுக்குப் பிரித்தால் அந்தப் பிரிப்பிலேயே சுமார் 17 டெசிபெல் போய்விடும். மிச்சம் இருப்பதில்தான் வளைவுகளையும் ஒட்டுகளையும் சமாளித்து, கடைசி வீட்டுப் பெட்டிக்கு வெளிச்சம் போய்ச் சேர வேண்டும்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்ததே, பாகூர் பக்கம் கம்பங்கள் சாய்ந்து கிடந்த காட்சியை இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் வந்து ஊரையே வெள்ளக்காடாக்கியது. அந்த மாதிரி நாளில் சேற்றில் இறங்கி, அறுந்த இழையைத் தேடிப் பிடித்து ஒட்டுகிறவர் யார்? பெரிய கம்பெனிக்குக் கீழே ஒரு ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே இன்னொருவர், அவருக்கும் கீழே தினக்கூலியாக நம்ம பையன். எட்டு வருஷம் ஒட்டியிருப்பான். பன்னிரண்டு இழைகளின் நிற வரிசையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். எட்டு வருஷத்துக்கும் சேர்த்து ஒரு துண்டுக் காகிதம் அவனிடம் இருக்காது. வேலை விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரே வடிகட்டுகிற காலத்தில் அவன் பெயர் முதல் சல்லடையிலேயே கீழே விழுந்துவிடுகிறது.

சான்றிதழா, கைப்பழக்கமா என்று பட்டிமன்றம் போட்டுத் தீர்ப்புச் சொல்கிற விஷயமே இல்லை இது. நம் பிள்ளைகளில் காகிதம் உள்ளவன் கையில் கருவி இல்லை. கருவி உள்ளவன் கையில் காகிதம் இல்லை. இவனுக்கு அதையும் அவனுக்கு இதையும் சேர்த்துவைக்க ஆள் இல்லாததுதான் குறை.

டிரைவிங் லைசென்ஸ் எப்படிக் கொடுக்கிறார்கள்? முதலில் எல்.எல்.ஆர்., அதற்குச் சாலை விதி தெரிய வேண்டும். அப்புறம் ஆர்.டி.ஓ. முன்னால் எட்டு போட்டுக் காட்ட வேண்டும். விதி தெரியாமல் எட்டு போட்டாலும் பிரயோஜனமில்லை, எட்டு போடாமல் விதியை ஒப்பித்தாலும் லைசென்ஸ் இல்லை. சி.சி.ஐ.இ. தேர்வு அந்த வகைதான். முதலில் எழுத்துத் தேர்வு, அப்புறம் எட்டு மணி நேரம் செய்முறை. ஆரம்பத்தில் அது இரண்டு நாள் தேர்வாக இருந்தது. அதில் ஒரு சுவையான சங்கதி உண்டு. தேர்ச்சி பெற்றவர்களுக்குக் கொடுத்த வரிசை எண்ணில் முதல் எண்ணான 1024-ஐ ஒரு மனிதருக்குக் கொடுக்கவில்லை, அந்தச் செய்முறைக் கூடத்துக்கே கொடுத்தார்கள். பழகுகிற இடத்துக்குத்தான் முதல் மரியாதை.

இனி மாணவர்களுக்கு நேரடியாகச் சில வார்த்தைகள்.

படிப்பையும் பழக்கத்தையும் ஒரே நாளில் தொடங்குங்கள். ஒன்று முடிந்த பிறகு மற்றது என்று தள்ளிவைக்காதீர்கள். பாக்கெட் டிரேசர் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டிலுள்ள கம்ப்யூட்டரிலேயே பத்து ரவுட்டர்களை இணைத்துப் பார்க்கலாம். சப்நெட் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பழகுங்கள். ஒரு கிரிம்பிங் கருவியும் கொஞ்சம் கேபிளும் வாங்கி, எட்டுக் கம்பிகளையும் நிற வரிசைப்படி அடுக்கி நீங்களே முனை போடுங்கள். முதல் பத்து முனை வீணாகும். பரவாயில்லை, பதினோராவது நிற்கும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பழுதுக்கும் தேதி, என்ன அறிகுறி, எதை எதைப் பார்த்தேன், கடைசியில் காரணம் என்ன என்று எழுதுங்கள். பக்கத்து வீட்டு வைஃபை ஆனாலும் எழுதுங்கள். என் மேஜைக்கு முன்னால் அப்படி ஒரு நோட்டைக் கொண்டுவந்து வைக்கிறவரிடம் நான் வேறு பல கேள்விகளைக் கேட்பதில்லை.

அதற்குப் பிறகு ஒரே ஒரு சான்றிதழ் எழுதுங்கள். 2020 பிப்ரவரியிலிருந்து சி.சி.என்.ஏ. ஒரே தேர்வு, 120 நிமிஷம். கட்டணம் சுமார் 300 அமெரிக்க டாலர். மூன்று வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். நேரடியாக நீங்களே பதிவு செய்து எழுதலாம். இந்த மூன்று வருஷக் கணக்கை மறக்காதீர்கள். ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த நாவெல் சான்றிதழை இன்று யாரும் கேட்பதில்லை. எம்.சி.எஸ்.இ.யை மைக்ரோசாப்ட்டே 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. பிராண்டு பெயர் போகும், வரும். ஐ.பி. முகவரி எப்படி வேலை செய்கிறது, பழுதை எப்படிப் படிப்படியாகத் தேடுவது என்ற இரண்டும் உங்களோடு கடைசி வரை வரும்.

பெற்றோர்களே, 'வேலைக்கு உத்தரவாதம்' என்று எழுதிப் போட்டு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிற இடத்திலிருந்து நாலடி தள்ளியே நில்லுங்கள். சேர்வதற்கு முன், "உங்க லேபை எங்களுக்குக் காட்டுங்க, பையன் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கருவியைத் தொடுவான்?" என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும், அம்மா.

பெண் பிள்ளைகளுக்கு இந்த வேலை சரிப்படாது என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். ஸ்விட்சுகள் வளையமாக இணைந்துவிட்டால் தகவல் சுற்றிச் சுற்றி வந்து நெட்வொர்க்கே மூச்சுத் திணறும். அதைத் தடுக்கிற ஸ்பானிங் ட்ரீ முறையை 1985-இல் உருவாக்கியவர் ரேடியா பெர்ல்மன் என்ற பெண்மணி. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் எம்பலத்துப் பெண்களைக் கேளுங்கள்.

ஏற்கெனவே கையில் வேலை உள்ள தம்பிகளுக்கு ஒரு செய்தி. 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், பழகிக் கற்ற திறமையைச் சோதித்துச் சான்றளிக்கிற முறை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் சுருக்கமாக ஆர்.பி.எல். என்பார்கள். ஃபைபர் ஒட்டும் வேலைக்கும் தொலைத்தொடர்புத் துறையில் தனித் தகுதி வகுத்திருக்கிறார்கள். விசாரித்துப் போய்ச் சோதனைக்கு உட்காருங்கள். உங்கள் எட்டு வருஷத்துக்கு ஒரு சாட்சி கிடைக்கும்.

கடைசியாக, என் வயதொத்த முன்னாள் மாணவர்களுக்கு. நாம் வருஷா வருஷம் கூடுகிறோம், போட்டோ எடுக்கிறோம், மலர் போடுகிறோம். நல்லது. இந்த வருஷம் இதையும் செய்வோம். நம் ஆபீஸ்களில் பழையது என்று கழித்துப் போடுகிற ஸ்விட்ச், ரவுட்டர், ரேக் எல்லாவற்றையும் முறைப்படி அனுமதி வாங்கி இங்கே கொண்டுவருவோம். கல்லூரியில் ஒரு அறை கேட்போம். மாணவர்கள் பூட்டிக் கழற்றட்டும், கெடுத்துச் சரிசெய்யட்டும். சனிக்கிழமைகளில் நம்மில் ஒருவர் முறை வைத்து வந்து உடனிருக்கலாம். மாணவரின் நோட்டைப் பார்த்து, இந்தப் பழுதை இவர் என் கண்ணெதிரில் சரிசெய்தார் என்று பெயரும் பதவியும் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். ஊரில் ஃபைபர் வேலை செய்கிற தம்பிகளையும் அந்த அறைக்கு அழைப்போம். அவர்கள் நம் மாணவர்களுக்கு ஒட்டக் கற்றுக்கொடுக்கட்டும், நம் மாணவர்கள் அவர்களுக்கு சப்நெட் சொல்லிக்கொடுக்கட்டும். ஒப்பந்த வேலை கொடுக்கிற இடத்தில் இருப்பவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்குக் கீழே வேலை பார்த்த பையன் விலகும்போது, இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை இன்ன வேலை செய்தான் என்று நாலு வரி எழுதிக் கொடுங்கள். உங்களுக்கு அது ஐந்து நிமிஷம்தான்.

என் பங்குக்கு நான்கு பழைய ஸ்விட்சுகளும், மாசத்தில் ஒரு சனிக்கிழமையும் எழுதிக்கொள்ளுங்கள். செயலாளர் அவர்கள் வாசலில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார். சாப்பிடப் போகும் முன் அதில் உங்கள் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள்.